காச மருந்தும் கண் பார்வையும்

காச நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு மூன்றாம் மாதத்தில் கண் மங்குகிறதென்று வைத்துக் கொள்ளுவோம். நம் மக்கள் என்ன செய்வார்கள்? வீரபாண்டிக் கௌமாரியம்மன் பாண்டிய ராஜாவுக்கே கண் கொடுத்தாள் என்று தலபுராணம் இருக்கிறதே! கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். ராயப்பன்பட்டிக்காரரானால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார். சாமிதான் வேறு, இதற்குள் கெடுவது ஒரே கண்தான்.

காரணம் வயிற்றுக்குள் போகும் மாத்திரையில் இருக்கிறது. 1961-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த எத்தாம்ப்யூட்டால் என்னும் மருந்து காசக் கிருமியை அடக்கும். சிலருக்குக் கண் நரம்பையும் கெடுக்கும். வலியிருக்காது, கண் சிவக்காது. நடுப்பார்வை மங்கும், பச்சை மிளகாய்க்கும் பழுத்த மிளகாய்க்கும் நிறபேதம் தெரியாது. வயதானவர் வெள்ளெழுத்து என்று சும்மா இருந்து விடுவார். அளவு கூடக் கூட, நாள் நீள நீள ஆபத்து அதிகம். மருந்து சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால், அது கெட்டவர்களுக்கு இன்னும் அதிகம். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குப் பார்வை திரும்பும். தாமதித்தால் திரும்பாமலும் போகும்.

பல நாடுகளில் இதை முதல் 2 மாதத்தோடு நிறுத்துகிறார்கள். நம் சர்க்கார் திட்டத்திலோ 6 மாதமும் உண்டு. ஐசோனியசிட் என்னும் மருந்துக்கு அடங்காத கிருமி இங்கு அதிகமென்பது அதற்குக் காரணம். அது நியாயமே. ஆனால் 6 மாதம் கொடுக்கிறவர்கள் 6 மாதமும் கண்ணைக் கவனிக்க வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு மாத்திரைகளையெல்லாம் குப்பையில் போடுவது கண்மலரை விடப் பெரிய மடமையாகும். காசம் ஆளையே கொல்லும். 1956-ல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையந்தான், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுப் பிழைக்கலாமென்று உலகத்துக்குக் காட்டியது. அந்தப் பெருமை வீண்போகக் கூடாது. கண்ணில் சந்தேகம் வந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் எத்தாம்ப்யூட்டாலை மாத்திரம் நிறுத்தி மற்றதைத் தொடருவார். தேனியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. சுருளி தீர்த்தம் வேண்டியதில்லை.

ஆனால் டாக்டர்களையும் ஒன்று கேட்கிறோம். மாத்திரை கொடுக்கும்போதே ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி எழுத்தட்டையும் நிற அட்டையும் காட்ட எத்தனை நிமிஷம் ஆகும்? "படிக்காதவனுக்குச் சொன்னால் பயப்படுவான்" என்பது பழைய புரோகிதன் பேச்சல்லவா? மாத்திரையோடு ஒரு சீட்டும் கொடுங்கள். அது தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும்; கண் மங்கியவனும் படிக்க வேண்டுமே.