மறதி நோயும் மூளையின் காவலரும்

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர், விடியுமுன் எழுந்து, “பிரட்டுக்கு நேரமாகிவிட்டது” எனக் கூடையைத் தேடுகிறார், பெற்ற மகளை நோக்கி, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என வினவுகிறார். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இத்தகையோரை நாம் காணாமலில்லை. முதுமையின் இயல்பு என்பார் சிலர். பேய்க்குற்றம் என்று மந்திரித்த கயிறு கட்டுவார் சிலர். உண்மையில் இது மூளையைப் பற்றிய நோயாக இருக்கலாம்.

இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், இறந்துபோன பெண்ணொருவரின் மூளையில் படிவுகளையும் முறுக்குண்ட நார்களையும் கண்டு, 1906ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். நம் நாட்டில், ராகமையில் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வொன்று, முதியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு மறதி நோய் உண்டெனக் காட்டிற்று.

மூளைக்கெனத் தனிக் காவற்கலங்கள் உள. ‘மைக்ரோகிளியா’ என்னும் அவற்றை ஸ்பானிய அறிஞர் ஹோர்டேகா 1919இல் இனங்கண்டார். கிருமிகளையும் கழிவையும் விழுங்கித் துப்புரவு செய்வது அவற்றின் தொழில். படிவைக் கண்டதும் அவை இரசாயனச் செய்திகளை அனுப்பி ஏனைய கலங்களை எழுப்புகின்றன. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவதை ஒத்த இவ்வெழுச்சியே அழற்சி. விரைவில் அடங்கின் நன்மை. படிவு நீங்காதவிடத்து எழுச்சியும் ஓயாது. காவற்கலங்களே நரம்புக் கலங்களின் இணைப்புகளைச் சிதைக்கத் தொடங்குகின்றன. படிவை உணர்வதற்கு உதவும் ‘டிரெம்-2’ என்னும் புரதத்தில் ஒருவகைப் பிறவி மாற்றம் உடையோர்க்கு நோய்வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு என 2013இல் வெளியான ஆய்வுகள் கூறின. ஆகவே, காவலர் கடமை தவறினும் கேடு. எல்லை மீறினும் கேடு.

அப்படியாயின், அழற்சி தணிக்கும் வலிமாத்திரைகளை நாள்தோறும் விழுங்கலாமோ என மாணவர் வினவக்கூடும். கூடாது. 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரும் பரிசோதனையில் அத்தகைய இரு மருந்துகள் நோயைத் தடுக்கவில்லை. அவை வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யவும் வல்லவை.

இல்லத்தார் செய்யத்தக்கது வேறு. உடலில் வேறோரிடத்தில் தோன்றும் கிருமித்தொற்றின் செய்தியும் மூளையை எட்டும். சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச் சளியோ கண்ட முதியவர், ஓரிரு நாளில் திடீரெனத் தடுமாறிப் பிதற்றுவது இதனால் நேரலாம். ‘மறதி முற்றிவிட்டது’ எனக் கைவிடாது, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தொற்றுத் தீர்ந்தால் பலருக்கும் தெளிவு திரும்பும். மெல்ல வளரும் மறதிக்கும் வைத்தியரை நாடுங்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், காது மந்தம் ஆகியவற்றுக்குக் காலத்தே சிகிச்சை பெறுவதும், புகைத்தலை விடுவதும், தனிமையை அகற்றுவதும் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்க உதவும். இவற்றுள் கடைசியானதற்குக் காசு வேண்டா. மாலையில் லயத்து முற்றத்தில் தாத்தா பாட்டியருடன் அமர்ந்து பேசும் பேரப்பிள்ளைகள் இருந்தாற் போதும்.