வாரிக்குந்தத்தில் வந்த ஓட்டு

வாலாஜாபாத் என்பதே ஒரு நவாபின் பெயர். அதனாலோ என்னவோ, மன்னர்கள் மனமிரங்கிக் கொடுத்ததுதான் மக்களாட்சி என்று பேச இங்கேயும் ஆளிருக்கிறது. திருவிதாங்கூர் என்றால் உடனே 1936 ஆலய நுழைவுப் பிரகடனத்தை எடுத்து நீட்டுவார்கள். சித்திரைத் திருநாள் மகாராஜா கோயிலைத் திறந்தார், திவான் சி.பி. ராமசாமி அய்யர் கூட நின்றார். சரி. அதே மகாராஜாவும் அதே திவானும் பத்து வருசம் கழித்து வயலாரில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

திவான் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. காஞ்சிபுரத்தைத் தாண்டினால் வந்தவாசி; 1879ல் அங்கே பிறந்தவர். 1946 ஜனவரியில் அவர் ஓர் அரசியல் திட்டம் அறிவித்தார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் அந்த ஓட்டில் வந்த சபை திவானை நீக்க முடியாது. அதற்கு ‘அமெரிக்க மாடல்’ என்று பெயர். அமெரிக்காக்காரன் தன் ஜனாதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறான் என்பது மட்டும் திவானுக்கு மறந்துபோச்சு.

இந்தச் சூதைப் புரிந்துகொள்ள வக்கீல் படிப்பு தேவைப்படவில்லை. ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கத்துக் கயிறு தொழிலாளிகள், கள் இறக்குபவர்கள், மீனவர்கள், வயல்கூலிகள் புரிந்துகொண்டார்கள். பெரும்பாலும் ஈழவர்கள், தலித் கூலிகளும் உண்டு. கூலி, போனஸ் பற்றிச் சங்கத்தோடு பேசத் திவான் தயார். ஆட்சியைப் பற்றிப் பேசக்கூடாது, அவ்வளவுதான். அவர்களோ ஆட்சியைப் பற்றித்தான் பேசினார்கள். ‘அமெரிக்க மாடல் அரபிக்கடலில்’ என்று கோஷம் போட்டார்கள்.

1946 அக்டோபர் 24, மகாராஜாவின் பிறந்தநாள். புன்னப்பரையில் போலீஸ் முகாமை நோக்கிக் கூட்டம் நடந்தது. கையில் வாரிக்குந்தம்: பாக்குமரத்தைச் சீவிக் கூராக்கிய ஈட்டி. அவ்வளவுதான் ஆயுதம். ஒரு போலீஸ் அதிகாரி உட்பட இருபக்கமும் உயிர் போனது. மறுநாள் இராணுவச் சட்டம். 27ந் தேதி, காயல் சூழ்ந்த வயலாருக்குப் படகில் வந்த பட்டாளம் சுட்டுத் தள்ளியது. செத்தவர்கள் சில நூறு என்போரும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் என்போரும் உண்டு. கூலிக்காரன் பிணத்துக்குச் சரியாகக் கணக்கு வைக்கிற பழக்கம் எந்தச் சமஸ்தானத்துக்கும் இருந்ததில்லை.

அன்றைக்கு அது தோல்வி. ஆனால் 1947 ஜூன் 11ல் திருவிதாங்கூர் தனி நாடு என்று திவான் அறிவித்தபோது, சொந்த ஜனங்களையே சுட்ட அரசுக்குப் பின்னால் யார் போய் நிற்பது? ஜூன் 17ல் பாபாசாகேப் அம்பேத்கர் அறிக்கை விட்டார், சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைவதே வழி என்று. ஜூலை 25ல் திவான் வெட்டுப்பட்டார். சில நாளில் மகாராஜா இணைய ஒப்புக்கொண்டார். 1948 பிப்ரவரியில் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். சபைக்குப் பதில் சொல்லும் மந்திரிசபை வந்தது. இந்தியா முழுக்க அப்படி ஓட்டுப் போட 1951-52 ஆயிற்று.

அந்த 1948 தேர்தலில் வயலாரை நடத்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1957ல் ஆட்சிக்கே வந்தார்கள், அது வேறு கதை. நமக்கு உறுத்துவது இன்னொன்று. 1970ல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது குத்தகைக்காரனுக்கு வயல் கிடைத்தது. அந்த வயலில் இறங்கி உழைத்த புலையர்களுக்கும் பறையர்களுக்கும் குடிசை நின்ற இடம், கிராமத்தில் அதிகபட்சம் 10 சென்ட். 1893லேயே தடையை மீறி வில்வண்டி ஓட்டிய அய்யன்காளியின் சனங்களுக்கு மக்களாட்சி அளந்து கொடுத்த நிலம் அது.

‘அமெரிக்க மாடல்’ அரபிக்கடலில் முழுசாக மூழ்கியதா தோழர்களே? 1997ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டியவர்கள் சொன்னது என்ன? ஓட்டுப் போடு, நாற்காலியில் உட்காராதே. நம் பக்கம் வருவோம். 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொழிலாளிகள் 37 நாள் வேலையை நிறுத்தினார்கள். முதல் கோரிக்கை கூலியல்ல, சங்கத்தை அங்கீகரி என்பதுதான். அந்தத் தொழிலாளிகளுக்கு ஆலப்புழைக் கயிறு தொழிலாளியைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களா? நம் கல்லூரி மாணவர்களுக்கு?

வருகிற அக்டோபர் 27 வாசகர் வட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறோம். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக இரவு 8 மணிக்கு மேல் வைத்திருக்கிறோம்.