சூளையில் வெடித்த கண்ணாடி

சென்ற வாரம் தபாலில் நமக்கு வந்து சேர்ந்தது வெறுங் கடிதமன்று. ஒரு சிறிய அட்டைப் பெட்டி. பிரித்துப் பார்த்தால், பஞ்சுக்குள்ளே ஒரு கண்ணாடித் தட்டு, மூன்று துண்டுகளாகக் கிடந்தது. அனுப்பியவர் ஒரு சகோதரி. வீட்டில் சிறு மின்சாரச் சூளை ஒன்று வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உருக்கி இணைத்து, தட்டும் கிண்ணமும் செய்து பழகி வருகிறாராம். பாட்டனார் கட்டிய வீட்டை இடித்தபோது, ஜன்னல்களிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திய சிவப்பு, நீலம், பச்சைக் கண்ணாடிகளை இக்காலத்து ஜன்னல் கண்ணாடியின் மீது பதித்து, உடன்பிறந்தார் நால்வருக்கும் ஆளுக்கொரு தட்டு கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு தட்டுகள் வெடித்துப் போயின. பழைய கண்ணாடியில் மீதியிருப்பது கொஞ்சந்தான். "மெதுவாகத்தான் ஆறவிட்டேன், எங்கே தவறினேன் என்று தெரியவில்லை" என்று வருந்தி எழுதுகிறார்.

அவருக்கு முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது மீதிக் கண்ணாடியைச் சூளையில் வைக்க வேண்டாம்.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், கண்ணாடி வேலைக்காரர் உடைந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், சூடேறும்போதே கண்ணாடி விரிந்துவிட்டது என்று அர்த்தம். விரிந்த பிறகு மேலும் வெப்பம் ஏறி, அந்த விளிம்பை உருக்கி வழவழப்பாக்கியிருக்கிறது. விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால், உருகி இணைந்தபின் ஆறும்போது வெடித்தது என்று தெரிந்துகொள்ளலாம். முதல் வகைக்குப் பரிகாரம் சுலபம். ஏறக்குறைய 540 பாகை சென்டிகிரேட் வரையில் கண்ணாடி இளகாத, நொறுங்கக்கூடிய பொருளாகவே இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் வரையில் அவசரம் கூடாது. இரண்டு அடுக்குத் தட்டுக்கு மணிக்கு 150 பாகை வீதம் ஏற்றினால் போதும். கனம் கூடினால் இன்னும் நிதானம் வேண்டும்.

நமக்கு வந்த துண்டுகளின் விளிம்புகளோ கூராக இருந்தன. ஆகவே ஆறும்போது வந்த கேடு இது. இதிலும் இரண்டு காரணங்கள் உண்டு. சரியாக ஆற்றாத தட்டில், வெடிப்பு வர்ணங்களைப் பற்றிக் கவலைப்படாமல் நதிபோல் வளைந்து நெளிந்து குறுக்கே ஓடும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத கண்ணாடிகளைச் சேர்த்திருந்தால், வெடிப்பு அந்த ஒவ்வாத துண்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். சகோதரியின் தட்டில் சிவப்புத் துண்டைச் சுற்றி வேலி கட்டினாற்போல் வெடிப்பு ஓடியிருக்கிறது. குற்றம் அவருடைய பொறுமையில் இல்லை, ஜோடிப் பொருத்தத்தில்தான்.

இந்தப் பொருத்தம் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். எல்லாக் கண்ணாடியும் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்குகிறது. ஆனால் ஒரே அளவில் அன்று. கடைகளில் இவ்வேலைக்கென்று விற்கும் கண்ணாடியில் 90 என்றும் 96 என்றும் எண் போட்டிருப்பது இந்த விரிவின் அளவைத்தான். இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள 90-ஆம் எண் கண்ணாடி 500 பாகை குளிர்ந்தால், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் சுருங்கும். 96-ஆம் எண் 0.96 மில்லிமீட்டர் சுருங்கும். வித்தியாசம் ஒரு தலைமயிரின் பருமன்! ஆனால் இரண்டும் உருகி ஓருடலாகிவிட்ட பிறகு, ஒன்று இன்னும் சுருங்க வேண்டும் என்று இழுக்கிறது; மற்றது இனி முடியாது என்று மறுக்கிறது. இந்தச் சண்டையில் தட்டு பிளக்கிறது. சில சமயம் உடனே பிளக்காமல், ஒரு மாதம் கழித்து அலமாரியில் இருக்கும்போது நள்ளிரவில் 'டக்' என்று சப்தம் கேட்கும். எண் ஒன்றாக இருந்தாலே பொருந்தும் என்றும் நம்பிவிடக் கூடாது. கண்ணாடி இளகும் தன்மையும் ஒத்திருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ போன்ற தொழிற்சாலைகள், வெறும் எண்ணை நம்பாமல், கண்ணாடிகளை ஒன்றோடொன்று உருக்கிப் பரீட்சை செய்து பார்க்கின்றன. பாட்டனார் காலத்து ஜன்னலுக்கு அப்படிப் பரீட்சை செய்தவர் யார்?

அந்தப் பரீட்சையை வீட்டிலேயே செய்யலாம். அடியில் வைக்க எண்ணும் கண்ணாடியில் ஒரு பட்டை வெட்டி, அதன்மேல் ஒவ்வொரு பழைய வர்ணத்திலும் நகக்கண் அளவு சில்லு ஒன்றை இடைவெளி விட்டு வைக்கவும். அடிக் கண்ணாடியிலேயே வெட்டிய சில்லு ஒன்றையும் கூடவே வைக்க மறக்க வேண்டாம். சாட்சி சொல்வது அதுதான். உருக்கி, நிதானமாக ஆற்றி எடுத்தபின், ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் போலராய்டு தகடுகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றைத் திருப்பி, இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் மறையும்படி செய்யவும். இடையில் பட்டையை வைத்துப் பார்த்தால், பொருந்தாத சில்லைச் சுற்றி நிலவைச் சுற்றிய பரிவேஷம்போல் ஒளி வளையம் தெரியும். பொருந்தியது இருட்டாகவே இருக்கும். சாட்சிச் சில்லைச் சுற்றியும் ஒளி தெரிந்தால், ஆற்றியதே சரியில்லை. மறுபடி ஆற்றிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆற்றுவது என்றதும் நமக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. பலோமார் மலைத் தொலைநோக்கிக்காக 200 அங்குல விட்டமுள்ள கண்ணாடி வட்டை கார்னிங் கம்பெனியார் 1934 டிசம்பரில் வார்த்தார்கள். அதை ஆற்றுவதற்கு ஏறக்குறைய பத்து மாதம் பிடித்தது! நம் தட்டுக்கு அவ்வளவு தவம் தேவையில்லை. 6 மில்லிமீட்டர் கனமுள்ள புல்ஸ்ஐ கண்ணாடியை 482 பாகையில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு 370 பாகை வரையில் மணிக்கு 80 பாகை வீதம் இறக்கி, அதன்பின் சூளையைத் திறக்காமல் தானாக ஆறவிட்டால் போதும். ஜன்னல் கண்ணாடியை இன்னும் மேலே, 540 பாகையை ஒட்டி நிறுத்த வேண்டும். ஆவலை அடக்க மாட்டாமல் மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்கும் இருந்தது. ஒரு நல்ல நீலக் கிண்ணத்தைப் பலி கொடுத்த பிறகு விட்டோம்.

கொப்புளத்தைப் பற்றிப் பலரும் குறைப்படுகிறார்கள். உருகிய கண்ணாடி தன்னிச்சையாக ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்தில் நிற்கவே விரும்புகிறது. 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை மட்டும் முழுக்க உருக்கினால், ஓரங்கள் உள்ளே சுருண்டு தடித்து, நடு மெலிந்து, அடியிலுள்ள காற்று அங்கே குமிழாக எழும்பித் துளைத்துவிடும். மூன்று அடுக்கானால் வெளியே பரவும். இரண்டு அடுக்கே உத்தமம். அடுக்குகளுக்கு இடையில் அகப்பட்ட காற்றுக்கு வழிவிட, 620 முதல் 670 பாகைக்குள் அரைமணி நேரம் நிறுத்தவும். மேல் தகடு மெல்ல இளகிப் படிந்து, காற்றை ஓரமாக வெளியேற்றும். சூளைப் பலகையில் ஈரம் இருந்தாலும் இதே உபத்திரவம் வரும்.

உருக்கி எடுத்த தட்டின் மேலே பாலாடை படிந்தாற்போல் வெண்மை தோன்றினால், கண்ணாடி படிகமாக மாறத் தொடங்கிவிட்டது. 700 பாகைக்கு மேல் வெகுநேரம் தங்கினாலும், மேற்பரப்பில் எண்ணெயோ கைரேகையோ இருந்தாலும் இது வரும். ஜன்னல் கண்ணாடிக்கு இந்த வியாதி அதிகம். நன்றாகக் கழுவித் துடைத்து வைப்பதும், உச்சியிலிருந்து ஆற்றும் நிலைக்கு விரைவாக இறக்குவதுமே மருந்து. வந்துவிட்டால், மேற்பரப்பைத் தேய்த்து நீக்கி, அதே வகைக் கண்ணாடிப் பொடியை மெல்லத் தூவி மறுபடி உருக்கலாம்.

தட்டு பலகையோடு ஒட்டிக்கொண்டால், பூச்சு பழசாகிவிட்டது என்று கொள்ளலாம். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நான்கு கை பூசி உலர்த்தவும். சுரண்டும்போது தூசியைத் தடுக்கும் முகமூடி அவசியம்.

இனி, சகோதரியின் விஷயத்துக்கு வருவோம். பரீட்சையில் வளையம் தெரிந்தால், பழைய கண்ணாடியைப் புதியதோடு சேர்க்கும் எண்ணத்தையே விட்டுவிடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறோம். எத்தனை நிதானமும் அந்தப் பகையைத் தீர்க்காது. ஆனால் ஒரே பலகணித் தகட்டிலிருந்து வெட்டிய துண்டு தன்னோடு தான் பகைக்காது. ஒவ்வொரு வர்ணத் தகட்டையும் தனியாக வெட்டி, உருக்காமல், அச்சின்மேல் வைத்து இளகும் அளவுக்கு மட்டும் சூடேற்றினால், குழிந்த சிறு கிண்ணமாகப் படியும். சிவப்பு சூட்டில் மங்கிப் போவதுண்டு. ஒரு சில்லை முன்னதாகப் பார்த்துக்கொள்ளவும். பழைய வர்ணங்களில் ஈயம், காட்மியம் முதலியவை இருக்கக்கூடுமாதலால், அவற்றில் பூ வைக்கட்டும், உணவு வேண்டாம்.

சிவப்பு, நீலம், பச்சை மூன்றுதானே, உடன்பிறந்தார் நால்வராயிற்றே என்று அவர் கேட்கலாம். பெட்டியின் அடியில், வர்ணமில்லாத பழைய தகடு ஒன்றும் இருப்பதாக அவரே கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். பாட்டனார் தெருவைப் பார்த்தது அதன் வழியாகத்தானாம். அதை யாருக்குக் கொடுப்பது என்று நாம் சொல்லத் துணியவில்லை.