பெயர் துறந்த வைத்தியன்

மக்கள் ஒரு கதாபாத்திரத்தை விரும்பத் தொடங்கியவுடன், அவன் யார், எங்கிருந்து வந்தான், இவ்வாறானது எங்ஙனம் என்று வினவுதல் இயல்பே. அவ்வினாக்களுக்கு விடையாகப் பின்னர் எழுதப்பெறும் முற்கதைகளிற் பெரும்பாலன வேண்டாதன என்பது எமது அபிப்பிராயம். யாம் முன்னரே ஊகித்தறிந்ததையே அவை நீட்டி உரைக்கின்றன. எனினும் இதற்கு விலக்காவதொன்றும் உண்டு.

'டாக்டர் ஹூ' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பி.பி.சி.யில் தொடங்கிற்று. காலத்தையும் வெளியையும் கடந்து உலவும் அதன் நாயகனது இயற்பெயரை எவரும் அறியார். 'டாக்டர்' என்பது அவன் தானே பூண்ட பெயர். சாவு நெருங்குங்கால் அவன் புதிய உடலும் முகமுங் கொள்வான். 1989-இல் நின்ற அத்தொடர், 1996-இல் பால் மக்கான் நடித்த தனிப்படமொன்றாகத் தலைகாட்டி, 2005-இல் மீண்டும் உயிர்பெற்றது. அப்பொழுது நாயகன் ஒரு பெரும் போரில் தன் இனத்தையே இழந்தவனாய் வந்தான். பின்னர் 2013 மே மாதத்தில், அப்போரிற் பொருதமையால் டாக்டர் என்னும் பெயருக்கு உரிமையிழந்த முதியவன் ஒருவன், ஜான் ஹர்ட் என்னும் நடிகரது உருவில் தோன்றினான். இவன் உண்டானது எப்படி?

அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள் இணையத்தில் வெளியான 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' என்னும் சிறு படம் இதற்கு விடை கூறிற்று. எழுதியவர் ஸ்டீவன் மொஃபட். ஓடுவது ஏறக்குறைய ஏழு நிமிடம். வீழ்ந்துகொண்டிருக்கும் விண்கலத்தில் தனித்திருக்கும் காஸ் என்னும் பெண்ணைக் காக்க வருகிறான் மக்கானாகிய டாக்டர். அவனும் அக்கொடும்போரை நடத்தும் இனத்தவனே என்றறிந்ததும், அவள் அவன் கையால் பிழைப்பதினும் இறப்பதே மேலெனக் கதவை அடைத்துக்கொள்கிறாள். அவனோ அவளை விட்டகல மறுக்கிறான். இருவரும் வீழ்ந்து மாள்கின்றனர். கார்ன் என்னுங் கோளத்துத் துறவுமகளிர் அவனை நான்கு நிமிடத்துக்கு மட்டும் எழுப்பி, வேண்டிய உருவைத் தரும் மருந்தை நீட்டுகின்றனர். காஸை எழுப்ப அவர்களாலும் இயலாது. அவளது உயிரற்ற உடலைக் கண்ட பின்னரே, தன்னைப் போர்வீரனாக்குமாறு அவன் கேட்கிறான்.

காப்பதற்கென்றே வாழ்ந்தவனை, காக்கப்படவேண்டியவள் ஏற்க மறுத்தாள்; ஆகவே அவனுக்கு அப்பெயர் பயனற்றதாயிற்று. இதனினும் தெளிவான காரணத்தை ஏழு மணி நேரத்திலும் காட்டல் அரிது. மருந்தைப் பருகுமுன், லூக்கா சுவிசேஷம் நான்காம் அதிகாரத்தில் வரும் வைத்தியனைப் பற்றிய பழமொழியை அவன் உச்சரிக்கிறான். நாசரேத்தூரார் தம்மை நோக்கிச் சொல்வரென்று ஆண்டவர் கூறிய அம்மொழியை, இவன் தன்மேல் தானே சுமத்திக்கொள்கிறான்.

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையை இங்கு நினையாதிருக்க இயலவில்லை. முற்பிறப்பிற் பரதனாயிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் விளைந்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. அதுவும் முற்கதையே. ஆனால் அதனைக் கேட்டபின் பாண்டியன் செய்த அநீதியின் கூர்மை எமக்குச் சிறிது மழுங்கியே தோன்றுகிறது. (எம் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) டாக்டரின் முற்கதை அங்ஙனம் எப்பழியையும் பிறிதோரிடத்துக்கு மாற்றவில்லை.

ஒரு குறை உண்டு. போர்வீரனைத் தருவது மருந்தாயின், அவன் செய்வனவற்றுக்கு அவனா பொறுப்பு, மருந்தா பொறுப்பு என்று ஐயுறலாம். இவ்வையத்தைப் படம் தீர்க்கவில்லை. அதே மாதம் 23-ஆம் நாள், தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, வெளிவந்த பெருங்கதையே தீர்க்கிறது. அதில் ஹர்ட், தன் இனத்தை அழிக்கவல்ல கருவியின்முன் தனியே அமர்ந்து, அதனை இயக்க மனந்துணியாது தயங்குகிறான். அவன் மனச்சான்றை மருந்து தீண்டவில்லை.

போரையே காட்டியிருக்கலாமென்று குறைகூறுவோரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். மாறுமுன் டாக்டர் தன் பழந்தோழர் ஐவரின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறான். அவர்கள் திரையில் ஒருபோதும் தோன்றாதவர். மக்கான் நடித்த ஒலிநாடகங்களில் வாழ்ந்தவர். பல்லாண்டுகளாக அவற்றைச் செவியாற் கேட்டுவந்தோர் அப்பெயர்களை அன்று முதன்முதலாகத் திரையிற் கேட்டனர்.