ஞாயிறு ரவுண்டு: செங்கல்பட்டு டு மாமல்லபுரம்... ஸ்கூட்டர் க்ரூப்பில் மெதுவாகப் போகிறவர்தான் லீடர்!

திங்கள் முதல் சனி வரை வீட்டு ஸ்கூட்டருக்கு ஓய்வே கிடையாது. காலையில் பால் பாக்கெட், பிறகு பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ஸ்டேஷன் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு பீச் லோக்கலைப் பிடிப்பது, மாலையில் காய்கறி, மாதம் ஒருமுறை ரேஷன் அரிசி, சமயத்தில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கேன். செங்கல்பட்டு மாதிரியான ஊரில் ஸ்கூட்டர், வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி.

அந்த ஸ்கூட்டருக்கும், அதை ஓட்டுபவருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஒரு லீவு கொடுத்தால் என்ன? பக்கத்துத் தெரு தோழி, பழைய கிளாஸ்மேட், ஆபீஸ் நண்பர் என ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். லடாக் போக வேண்டியதில்லை. லட்ச ரூபாய் பைக்கும் வேண்டியதில்லை. 30 கிலோமீட்டர் தூரத்தில் கடல் இருக்கிறது!

பெண்களை வெளியே அழைத்து வந்த வண்டி

இன்று நாம் பார்க்கும் பாணி ஸ்கூட்டரின் கதை 1946-ல் இத்தாலியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் விமானத் தொழிற்சாலை நாசமான பியாஜியோ நிறுவனம், மக்களுக்கு மலிவான வண்டி ஒன்றைச் செய்ய நினைத்தது. அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமான இன்ஜினீயர். மோட்டார் சைக்கிளே பிடிக்காதவர். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், செயின் கிரீஸ் துணியில் ஒட்டும் என்பதெல்லாம் அவருடைய புகார்கள். அதனால் முன்னால் காலி இடம் விட்டு, இன்ஜினை மூடி வைத்து, 'வெஸ்பா'வை உருவாக்கினார். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி.

இந்தியாவில் லாம்பிரெட்டா, 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் என ஸ்கூட்டர் நீண்டகாலம் அப்பாக்களின் வண்டியாகவே இருந்தது. கையால் கியர் மாற்ற வேண்டும், காலால் உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தபோதுதான் கியரும் இல்லை, கிக்கரும் அவசியமில்லை என்றானது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். 90-களில் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் ஸ்கூட்டி, கல்லூரி மாணவிகளின் கைக்குச் சாவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு ஆக்டிவா, ஜூபிடர்... இப்போது எலெக்ட்ரிக்.

2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு 'அம்மா இருசக்கர வாகனத் திட்டம்' கொண்டுவந்தது. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய் மானியம். பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல், யாரையும் 'கொண்டுவந்து விடு' என்று கேட்காமல் போய்வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படிக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான பெண்கள் அந்த வண்டியில் போவது யாருக்காகவோதான். பிள்ளைக்காக, மாமியாரின் மருந்துக்காக, வேலைக்காக. தனக்காக ஒரு 30 கிலோமீட்டர் ஓட்டியவர்கள் எத்தனை பேர்? க்ரூப் ரைடு தருகிற முதல் சந்தோஷம் அதுதான். எங்கே போகிறோம் என்பதற்கு 'சும்மா' என்று பதில் சொல்லலாம்.

ரூட் இதுதான்!

காலை 5.30 மணிக்கு செங்கல்பட்டில் கிளம்பலாம். ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் வந்து சேரட்டும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 14 கிலோமீட்டர். வயல், ஏரி, சின்னச் சின்னக் குன்றுகள் என்று போகும் சாலை. மாடுகள் குறுக்கே வரும். ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு. வேகமாகப் போகிறவர்களுக்கு இது எரிச்சல் தரும் ரோடு, மெதுவாகப் போகிறவர்களுக்கு அருமையான ரோடு.

திருக்கழுக்குன்றத்தில் முதல் டீ. மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயில். 500-க்கும் மேற்பட்ட படிகள். ஏறுவதானால் வெயிலுக்கு முன்பே ஏறிவிட வேண்டும். ஒருகாலத்தில் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து உணவு பெற்றுப் போகும் என்பதால் 'பட்சி தீர்த்தம்' என்றும் பெயர். இப்போது அவை வருவதில்லை. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நேரில் பார்த்த கதை வைத்திருப்பார்கள்.

மலையில் 'ஒருகல் மண்டபம்' என்ற பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. அதன் சுவரில் 17-ம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்தவர்கள் டச்சுக்காரர்கள். ஆக, இந்த ரூட்டில் ஊர் சுற்றுவது 350 வருடப் பழக்கம்! (சுவரில் பெயர் எழுதும் பழக்கத்தை மட்டும் நாம் தொடர வேண்டாம்.)

அங்கிருந்து இன்னொரு 15 கிலோமீட்டர். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த பூஞ்சேரி வந்துவிட்டால் மாமல்லபுரம் வந்தாயிற்று. நினைவுச் சின்னங்கள் காலை 6 மணிக்கே திறந்துவிடும். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலைக் கூட்டம் வருவதற்கு முன் பார்ப்பது தனி சுகம். தெருக்களில் உளிச்சத்தம் கேட்க ஆரம்பிக்கும். 1984-ல் யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னமான ஊரில், கல் தச்சர்கள் இன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் ஈ.சி.ஆரில் வடக்கே 5 கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம் புலிக்குகை. அதற்குப் பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு மணலுக்கு அடியில் கண்டறியப்பட்ட முருகன் கோயில். தெற்கே போக நினைத்தால் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். ஒன்றை அடுத்த ஞாயிறுக்கு மிச்சம் வையுங்கள்.

கடலில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரையில் அலையின் இழுப்பு அதிகம்.

எல்லாம் சேர்த்து சுமார் 70 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். எலெக்ட்ரிக் என்றால் முதல்நாள் இரவே ஃபுல் சார்ஜ் போட்டுவிடுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ரேஞ்ச் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரப்பர் பேண்டு ஆபத்து

இவ்வளவு இனிமையான பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான். க்ரூப்பில் ஒருவர் முறுக்க ஆரம்பிப்பது!

ஐந்து வண்டிகள் வரிசையாகப் போகின்றன. ஒரு வேகத்தடை. முதல் வண்டி அதைத் தாண்டியதும் 50-க்குப் போய்விடுகிறது. ஐந்தாவது வண்டி அப்போதுதான் வேகத்தடைக்கே வருகிறது. இடைவெளி விழுந்துவிட்டதால், பிடிக்க வேண்டுமே என்று 65-ல் வருகிறார். அடுத்த வளைவில் முதல் வண்டி பிரேக் போட, பின்னால் வருபவர் திணறுகிறார். ரப்பர் பேண்டை இழுத்து விடுவது மாதிரி, ஒவ்வொரு தடையிலும் இது நடக்கும். இதில் அதிகம் அடிபடுவது கடைசி வண்டிதான். கடைசியில் வருபவர் யார்? பெரும்பாலும் புதிதாக ஓட்டக் கற்றவர், அல்லது தயக்கம் உள்ளவர். 'விட்டுட்டுப் போயிடுவாங்களோ' என்ற பயத்தில், தன்னால் முடியாத வேகத்தில் ஓட்டுகிறார்.

இதற்குத் தீர்வு ரொம்ப எளிது. மெதுவாக ஓட்டுபவரை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. யாருக்காவது பஞ்சர் என்றாலும் அவர் நிற்பார்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 30 கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 45 நிமிடம் ஆகும். 60-ல் போனால் 30 நிமிடம். மிச்சமாவது 15 நிமிடம். அதாவது ஒரு டீ நேரம். ஆனால், 60-ல் போகும் வண்டி பிரேக் பிடித்து நிற்க, 40-ல் போகும் வண்டியைவிட இரண்டே கால் மடங்கு தூரம் தேவை. டீயைப் பத்து நிமிடம் தாமதமாகக் குடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி, அதாவது 22 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதும் வேண்டாம். பேசத்தானே டீக்கடை இருக்கிறது!

ஈ.சி.ஆரில் கவனம்!

ஸ்கூட்டர் எடை குறைந்த வண்டி. சக்கரமும் சிறியது. மோட்டார் சைக்கிள் சமாளித்துவிடும் பள்ளத்தில் ஸ்கூட்டர் தடுமாறும். ஈ.சி.ஆரில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். பெரிய பஸ் தாண்டிப் போகும்போது ஒரு கணம் காற்று நின்று, மறுகணம் பலமாகத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டாலே போதும்.

கடற்கரைக்குத் திரும்பும் இடங்களில் தார் ரோட்டில் மணல் படிந்திருக்கும். அதன்மேல் சடாரென்று பிரேக் போட்டால் வழுக்கும். மணலைப் பார்ப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தாலே இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக் கிடைக்கும் வசதி கட்டாயம். பழைய வண்டியாக இருந்தால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள்.

புடவை முந்தானை, துப்பட்டா இரண்டையும் இழுத்துச் செருகிவிட்டே உட்கார வேண்டும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வீடு திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிவிடுங்கள். உப்புக்காற்று துருவுக்கு நண்பன்.

வீட்டில் டீன் ஏஜ் பிள்ளை இருக்கிறதா?

'நானும் வர்றேன்' என்று கிளம்பும் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம். நம் வீடுகளில் இருக்கும் 110 சிசி, 125 சிசி ஸ்கூட்டருக்கு 18 வயது ஆக வேண்டும். மீறினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளை 25 வயது வரை உரிமம் வாங்க முடியாது. பின்னால் உட்கார்ந்து வரட்டும். அதற்கும் ஹெல்மெட் உண்டு.

ஆமாம், நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பின்சீட்டுக்கும்தான். 'லோக்கல்தானே' என்று ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகும் ஹெல்மெட்டால் எந்தப் பயனும் இல்லை. ஐ.எஸ்.ஐ முத்திரை பார்த்து வாங்கி, தாடைக்குக் கீழே ஸ்ட்ராப்பைப் பூட்டுங்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர் மட்டுமே. மூன்றாவது ஆளுக்கு இன்னொரு நண்பரின் பின்சீட் காலியாக இருக்கும்.

வரத் தயங்குபவரை அழைப்பது எப்படி?

ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். ஸ்கூட்டர் ஓட்டுவார், ஆனால் மார்க்கெட்டைத் தாண்டிப் போனதில்லை. ஹைவே என்றாலே 'அய்யோ' என்பார். அவரிடம் 'பயப்படாதே' என்று சொல்வதில் பலனில்லை. 'உன் வேகத்துலதான் எல்லாரும் போகப்போறோம்' என்று சொல்லுங்கள். முதல் வாரம் திருக்கழுக்குன்றம் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். அடுத்த முறை கடல். ஓட்டவே வராது என்பவர் பின்சீட்டில் வரட்டும்.

கிளம்பும் முன் எல்லோரும் லைவ் லொக்கேஷன் போட்டுவிட்டு போனை சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். வழியில் நிற்கும் இடங்களை முதலிலேயே முடிவுசெய்துவிட்டால், ஓட்டிக்கொண்டே போன் பார்க்க வேண்டிய அவசியம் வராது. 11 மணி வெயிலுக்கு முன் வீடு வந்துவிடலாம். மதியச் சமையல் யார் என்ற கேள்விக்கு முந்தைய நாளே பதில் முடிவாகிவிடுவது நல்லது. ஒருநாள் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்!

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு வேலை பாக்கி. வாட்ஸ்அப் க்ரூப்பில் 'ரீச்டு' என்று ஒரு வார்த்தை. போட்டோக்கள் பிறகு வரட்டும். கடைசி ஆளிடமிருந்து அந்த மெசேஜ் வரும்வரை யாரும் ட்ரிப் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.