எளிமையும் ஏழை எளியவரும்: ஒரு கொரியப் படத்தைத் தவறாகப் படிப்பது பற்றி

2018 பிப்ரவரி 28 அன்று தென்கொரியாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. இயக்குநர் இம் சூன்-ரேயின் ‘லிட்டில் ஃபாரஸ்ட்’ திரைக்கு வந்தது. அதே நாளில், வார வேலைநேரத்தின் உச்சவரம்பை 68 மணியிலிருந்து 52 மணியாகக் குறைக்கும் சட்டத்திருத்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. முதலாவதைப் பெங்களூருவின் பி.ஜி. விடுதிகளில் இன்றும் பார்க்கிறார்கள். ஒருவர் மற்றவருக்குப் பரிந்துரைக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. இப்படத்திலிருந்து ‘வாழ்க்கைப் பாடம்’ பிழிந்தெடுக்கும் வழக்கத்தின் கோளாறு முழுவதும் இந்த மறதியில்தான் இருக்கிறது.

அப்பாடங்கள் எவை என்பது அனைவருக்கும் தெரியும். குறைவாக வாங்கு. மெதுவாக உண். பருவங்களைக் கவனி. தனிமையைக் கண்டு அஞ்சாதே. எளிமையில் நிறைவு காண். ஒவ்வொன்றும் கேட்க இனியது; எதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இவை அனைத்தும் ஒரே ஒருவரை நோக்கிச் சொல்லப்படுகின்றன: படம் பார்த்துக்கொண்டிருக்கும் தனிமனிதரை. மாற வேண்டியவர் அவர் மட்டுமே. அவருடைய வீட்டு உரிமையாளரோ, முதலாளியோ, பல்கலைக்கழகமோ, அரசோ எந்தப் பாடமும் கற்க வேண்டியதில்லை. இவ்வளவு வசதியான அறவுரை சந்தேகத்துக்கு உரியது.

படம் காட்டுவது இதுவன்று. கதைநாயகி ஹே-வோன் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றவள். உடன் படித்த காதலன் தேறிவிடுகிறான். நகரத்தில் பகுதிநேர வேலை பார்த்து, பெட்டிச் சோறு உண்டு நாட்களைக் கழித்தவள், ஒரு குளிர்காலத்தில் சொந்த ஊர் திரும்புகிறாள். பனிக்குள் புதைந்திருக்கும் முட்டைக்கோசை எடுத்துச் சாறு வைத்துக் குடிக்கிறாள். ஏன் வந்தாய் என்று தோழி கேட்கும்போது, பசித்தது, அதனால் வந்தேன் என்கிறாள். இந்தப் பதிலை ஆன்மிக உருவகமாகப் படிப்பவர் பலர். அதன் நேர்ப்பொருளே போதுமானது: உழைத்தும் வயிறு நிறையாத நகரம் ஒன்றை அவள் விட்டுவந்திருக்கிறாள்.

அவள் திரும்பி வந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகை கேட்காத ஒரு வீடு. பயிரிட ஒரு துண்டு நிலம். எந்தப் பருவத்தில் எதைப் பறித்து எப்படிச் சமைப்பது என்று தாய் சிறுவயதிலிருந்தே கற்றுக்கொடுத்திருந்த கைத்திறன். அருகிலேயே தந்தையின் உடன்பிறந்தாள்; கொரிய மொழியில் அவளைக் குறிக்கத் தனிச்சொல் உண்டு, தமிழில் அவள் அத்தை. இரவில் துணையாக இருக்கட்டும் என்று ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்துப் போகும் பால்ய நண்பன் ஜே-ஹா. உள்ளூர் வங்கியில் வேலை பார்க்கும் தோழி உன்-சுக். இவர்களோடு சேர்ந்து அவள் உண்கிறாள், தானே ஊறவைத்த அரிசி மதுவை அருந்துகிறாள், சண்டை போடுகிறாள். இதைத் தனிமையின் படம் என்று அழைப்பவர் எதைப் பார்த்தார்? கிராமம் சொர்க்கம் என்றும் படம் பொய் சொல்லவில்லை. நகரத்து நிறுவன வேலையை உதறிவிட்டு உழவனான ஜே-ஹாவின் விளைச்சலைப் புயல் ஒன்று வந்து சாய்க்கிறது.

ஆக, படத்தில் எளிமை என்பது நாயகியின் மனநிலை மட்டும் அன்று. வீடு, நிலம், நேரம், உறவு ஆகிய நான்கின் விளைவு. இந்நான்கையும் உருவிவிட்டு மனநிலையை மட்டும் பாடமாக ஏற்றுமதி செய்யும்போது, கையில் மிஞ்சுவது எளிமையன்று. இல்லாமைக்குச் சூட்டப்பட்ட நல்ல பெயர்.

தமிழ்ச் சொற்களே இதை உணர்த்தும். ‘எளிமை’ என்னும் சொல்லுக்கு வறுமை, வலுவின்மை ஆகிய பொருள்களும் உண்டு. ‘ஏழை எளியவர்’ என்னும் தொடர் இன்றும் வழக்கில் இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் இன்றைய பேச்சில் ‘எளிமை’ நற்பண்பாகிவிட்டது. ‘எளியவர்’ மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறார். அமைச்சர் ஒருவர் தரையில் அமர்ந்து உண்டால் அது எளிமை. ஒயிட்ஃபீல்டில் கட்டடம் எழுப்பும் தொழிலாளி தகரக் கொட்டகையில் தரையில் அமர்ந்து உண்டால் அதற்கு அப்பெயர் இல்லை. வேறுவிதமாக வாழ முடிந்தும் வாழாதவருக்கே ‘எளிமை’ என்னும் பாராட்டு வழங்கப்படுகிறது. எளியவரிடம் எளிமை இல்லை என்பது மொழியின் விந்தையன்று; சமூகத்தின் கணக்கு.

‘தனிமை’யின் கதையும் ஏறத்தாழ இதுவே. விரும்பித் தேர்ந்த ஏகாந்தத்துக்கும் விரும்பாமல் வந்து சேர்ந்த துணையின்மைக்கும் ஆங்கிலம் இரு சொற்களை வைத்திருக்கிறது. தமிழ் இரண்டையும் ‘தனிமை’ என்றே சொல்கிறது. தொல்காப்பிய உரியியல் ‘புலம்பு’ என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறுகிறது. இன்று புலம்பல் என்றால் ஆற்றாமையை வாய்விட்டுச் சொல்வது. தனித்திருத்தலுக்கும் ஆற்றாமைக்கும் உள்ள உறவை அச்சொல்லின் வரலாறு மறைக்கவில்லை. பாடம் சொல்பவர்களே அதை மறைக்கிறார்கள்.

படம் பிறந்த நாட்டின் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டும். தென்கொரியாவில் இன்று மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒற்றை ஆள் குடும்பங்கள். யாரும் அறியாமல் தனியே இறந்து, சில நாள் கழித்தே கண்டறியப்படும் மரணத்துக்கு அங்கே ‘கொடொக்சா’ என்று பெயர். தனிமைச் சாவு என்று தமிழில் சொல்லலாம். அதைத் தடுப்பதற்கென்றே 2020-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2021-இல் மட்டும் இத்தகைய மரணங்கள் 3,378 என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அவர்களிலும் 50, 60 வயதுகளில் இருந்தவர்களே மிகுதி. இவர்களும் தனியாகவே வாழ்ந்தார்கள், குறைவாகவே வாங்கினார்கள். இவர்களுடைய வாழ்க்கையிலிருந்து யாரும் பாடம் எடுப்பதில்லை.

பெங்களூருக்கு வருவோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2024 ஜூலையில், தகவல் தொழில்நுட்பத் துறையினரின் ஒரு நாள் வேலைநேரத்தை 14 மணி வரை நீட்ட இடமளிக்கும் முன்மொழிவு கர்நாடக அரசின் முன் வந்தது. அத்துறை ஊழியர் சங்கம் அதை எதிர்த்து நின்றது. அதே மாதத்தில் நகரமெங்கும் ஒரு புகைப்படம் பரவியது. பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர், தனிமையைப் போக்கிக்கொள்ள வார இறுதிகளில் கோரமங்கலாவில் ஆட்டோ ஓட்டுகிறார் என்பது செய்தி. சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் சிரித்தார்கள். வேலைநேர முன்மொழிவையும் ஆட்டோப் புகைப்படத்தையும் ஒரே செய்தியின் இரு பாதிகளாகப் படித்தவர் மிகச் சிலரே. வாரம் முழுவதும் ஒரு மனிதரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் நகரம், முன்பின் தெரியாத பயணியின் ஐந்து நிமிடப் பேச்சுக்காக அவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்துகிறது. அவருக்கு ‘தனிமையை நேசி’ என்று பாடம் சொல்வது ஈரமற்ற செயல்.

இதை மருத்துவ உலகம் எப்போதோ சொல்லிவிட்டது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஹல்லேகெரேயைப் பூர்வீகமாகக் கொண்ட விவேக் மூர்த்தி, அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக 2023-இல் தனிமை குறித்து ஓர் அறிவுரை அறிக்கை வெளியிட்டார். சமூகத் தொடர்பின்மை உயிருக்கு விளைக்கும் கேட்டை நாளுக்கு 15 சிகரெட் புகைப்பதோடு ஒப்பிட்டது அவ்வறிக்கை. அது முன்வைத்த தீர்வுகளில் முதலாவது தியானமன்று. பூங்கா, நூலகம், போக்குவரத்து, குடியிருப்பு என மனிதரை மனிதரோடு சேர்க்கும் சமூகக் கட்டமைப்பு.

கல்விப்புலத்தினர் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். ‘ஆய்வு என்றால் தனிமைதான்’, ‘ஆய்வாளன் எளிமையாக இருக்கப் பழக வேண்டும்’ என்னும் அறிவுரைகள் துறைதோறும் ஒலிக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களில், நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. பெங்களூருவில் அத்தொகை ஒரு பகிர்வறைக் கட்டிலிலும் மூன்று வேளைச் சோற்றிலும் கரைந்துபோகும். தனி வீடு என்றால் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம். அதையும் கடந்தால் ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்னும் பலகை. மூன்று கட்டில் போட்ட அறையில் தனிமை என்பதே ஆடம்பரம். அந்த அறையில் இருப்பவரிடம் தனிமையின் மாண்பைப் பேசும் பேராசிரியர், தமக்கு வாய்த்த வாசிப்பறையையும் நிலையான ஊதியத்தையும் மாணவரின் மனப்பக்குவமாக மொழிபெயர்க்கிறார். உதவித்தொகை பற்றிய கோரிக்கை இவ்வாறே குணநலன் பற்றிய பேச்சாகத் திரிகிறது. கேட்பது உரிமை என்பது மறைந்து, கேளாமை பண்பு என்றாகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சட்டமும் கட்டமைப்பும் வரும்வரை மனிதர் என்ன செய்வது? களைத்து வந்தவருக்கு ஒரு படம் ஆறுதல் தந்தால் அதில் என்ன பிழை? பிழை ஏதுமில்லை. ஆறுதல் உண்மையானது, அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறுதல் வேறு, பாடம் வேறு. ஆறுதல் இன்றிரவு உறங்க உதவும். பாடமோ நாளை எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்யும். கேட்காதே என்று கற்பிக்கும் பாடத்தை ஆறுதலின் பெயரால் ஏற்க முடியாது.

எளிமையை மெய்யாகவே ஒரு கொள்கையாகக் கொண்டவர்கள் கேளாதிருந்தவர்கள் அல்லர். கன்னட நாடக இயக்குநர் பிரசன்னா, சிவமொக்கா மாவட்டத்துக் கிராமப்புறத்தில் ‘சரகா’ என்னும் பெண்கள் கைத்தறிக் கூட்டுறவை உருவாக்கியவர். 2017-இல் பெங்களூருவில் அவர் உண்ணாநோன்பு இருந்தபோது எளிமையின் இன்பத்தைப் போதிக்கவில்லை. கையால் செய்த பொருள்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கக் கூடாது என்று கோரினார். எளிய வாழ்வு நிலைக்க வேண்டுமானால் வரியும் சந்தையும் மாற வேண்டும் என்பதை அறிந்தவரின் செயல் அது.

ஏகாந்தத்துக்கும் இந்நகரத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. 2023 தொடக்கம் முதல் கப்பன் பூங்காவில் சனிக்கிழமை காலைகளில் மனிதர்கள் வந்து அமர்ந்து ஓசையின்றிப் படிக்கிறார்கள். கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, அறிமுகம் தேவையில்லை. தனித்தனியே படிக்கிறார்கள், ஆனால் சேர்ந்து இருக்கிறார்கள். ஹே-வோனின் ஊரில் நிகழ்வதற்கு மிக அருகில் வருவது இதுவே. அது நிகழ ஒரு பூங்கா தேவைப்பட்டது. 1870-இல் அமைந்த அப்பூங்கா தானாகப் பிழைத்திருக்கவில்லை. 1975-இல் அரசுப் பூங்காக்களைக் காக்க ஒரு சட்டம் வந்தது. 1998-இல் பூங்காவின் ஒரு பகுதியைப் பாதுகாப்பிலிருந்து விடுவிக்க அரசு முனைந்தபோது நகரவாசிகள் எதிர்த்துத் திரண்டனர். இன்று மரநிழலில் கிடைக்கும் அமைதி, அன்று எழுப்பப்பட்ட கூச்சலின் விளைச்சல்.

கொரியாவிலும் அவ்வாறே. 52 மணி நேர வரம்பைத் தளர்த்தி, வாரம் 69 மணி வரை வேலை வாங்க இடமளிக்கும் திட்டத்தை 2023 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்தபோது, இளம் தொழிலாளர்கள் வெகுண்டு எழுந்தனர். அரசு பின்வாங்கி, மறுபரிசீலனை செய்வதாகச் சொல்ல நேர்ந்தது. தனியே இருக்கும் நேரத்தை அவர்கள் ஒன்றுகூடியே காத்துக்கொண்டார்கள்.

படத்தின் இறுதிப் பகுதியில் வெங்காயச் சாகுபடி பற்றிய ஒரு சொல் வருகிறது: ‘அஜு சிம்கி’. நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, இனி இடம் மாற்றத் தேவையில்லாதபடி நிலத்தில் ஊன்றும் நடவை அது குறிக்கும். தமிழ் உழவருக்கு இது புதிய செய்தியன்று. நடவுக்கு முன் வயலை உழ வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், ஆள் சேர வேண்டும் என்பதையும் அவர் அறிவார். காய்ந்த தரையில் நாற்றை எறிந்துவிட்டு, வேர்பிடிக்கும் மனவலிமை உனக்கு இல்லை என்று நாற்றைப் பழிப்பவரை எந்த ஊரும் உழவர் என்று ஒப்பாது. பல்கலைக்கழகங்கள் மட்டும் அவரை அறிவுரையாளர் என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றன.