கரையை உடைத்தது மழை அல்ல!

உழவர் பெருமக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

போன கார்த்திகையில் நம்ம கண்மாய் உடைஞ்சது. ஒரே ராத்திரியில் தண்ணி பூராவும் ஓடையில் போச்சு. மார்கழியில் கதிர் வாங்குற நேரத்தில் சொட்டுத் தண்ணி இல்லை. நெல் சாவியாப் போச்சு. பார்க்க வந்த அதிகாரி "பெருமழை" என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மழையா உடைச்சது? மண் கரை பெரும்பாலும் இரண்டு வழியில்தான் உடையும். கலுங்கு அடைபட்டால் தண்ணி கரை மேல் ஏறி வழியும். வழிகிற தண்ணி வெளிச்சரிவு மண்ணை அறுத்து இழுத்துட்டுப் போகும். இன்னொன்று கசிவு. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன கருவேல வேர், மடைச் சுவர் ஓரத்து வெடிப்பு, இதில் விரல் கனத்துக்குத் தண்ணி புகுந்தால் போதும். மண்ணை அரிச்சு அரிச்சு ஆள் நுழையுற ஓட்டையாக்கிடும். இரண்டுமே கோடையில் கண்ணுக்குத் தெரியுற கோளாறுகள். மண்வெட்டியும் கூடையும் சரிசெய்கிற வேலை! மனு மேல் மனு கொடுத்தோமே, யார் வந்து பார்த்தது?

கேட்டால் "குடிமராமத்து, உங்க கண்மாய், நீங்க பாருங்க" என்கிறார்கள். 1858இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். வரி அவனுக்கு, கரை மராமத்துக்குக் கட்டாய உழைப்பு குடிகளுக்கு! 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோதும் 10 சதவீதம் விவசாயி பங்கு என்றது. உழைக்க நாம் தயங்கவில்லை. ஆனால் மீன்பாசி ஏலம், மர ஏலம் யார் கையில்? அதிகாரம் அங்கே, மண் சுமக்க மட்டும் நாமா?

சின்னக் கண்மாய் என்றால் இளக்காரம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத் துறை. 2007இல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் வந்த சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்குத்தான். நம்ம ஒன்றியக் கண்மாய் அதில் சேரவில்லை! நமக்கு 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே கதி. அதையாவது அமல்படுத்தினார்களா? வரத்துக்கால் வயலாச்சு, உள்வாய் பட்டா கேட்குது.

நம்ம பக்கமும் தப்பு உண்டு. கூடுதல் தண்ணி நிக்கட்டும்னு கலுங்கில் மணல் மூட்டை அடுக்கியது யார்? நம்மாளுகதான். மேமடைக்காரனும் கடைமடைக்காரனும் அடிச்சுக்கிட்டா லாபம் யாருக்கு? உடைஞ்ச கரைக்கு மேமடை, கடைமடை கிடையாது.

கோருகிறோம்:

1. புரட்டாசிக்குள் உடைப்பை அடை! மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசு போட்டு இறுக்கு! உதிரி மண்ணைக் கொட்டி பில் போடாதே!

2. கலுங்கையும் மடையையும் பழுது பார்!

3. வரத்துக்காலை அளந்து கல் நடு! ஆக்கிரமிப்பை அகற்று!

4. கண்மாய் வருமானத்தைக் கண்மாய்க்கே செலவிடு! கணக்கைக் கிராம சபையில் வை!

5. சாவியான நெல்லுக்கு நிவாரணம் கொடு!

வரும் திங்கள் காலை 10 மணி, ஒன்றிய அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாரீர்! சாவி நெல்லு ஒரு கைப்பிடி கொண்டு வாரீர்! அதிகாரி மேஜையில் கொட்டுவோம், மழை செய்ததா என்று அவரே பார்க்கட்டும்!

கரை காப்போம்! கண்மாய் காப்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கம், கிளைக் குழு